பட்டருக்கு ஆகாத சொல்

ஜூலை 3, வியாழன்

நாய் டாக்டர் ஷர்மிளா பானு ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். நாய் எத்தனை மணிக்கு ஊளையிட்டது, எவ்வளவு நேரம் இட்டது, அதற்கு முன்னால் வீட்டில் நடந்தது என்ன, இந்த மூன்றையும் தினமும் எழுத வேண்டும். நான் கைநாட்டு. அதனால் நான் சொல்கிறேன், என் மருமகள் இன்பவல்லி ஆபீஸிலிருந்து வந்து கீரைக்கட்டை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறாள். என் பேச்சை அவளே நல்ல தமிழில் போட்டுக்கொள்வாளாம்.

"எல்லாம் மனசுல இருக்கு, நோட்டு எதுக்கு?" என்று கேட்டுப் பார்த்தேன். ரயில்வேயில் முப்பத்து நான்கு வருஷம் கீமேன் நான். வாளாடிக்கும் லால்குடிக்கும் நடுவே தோளில் சுத்தியலோடு தினமும் தண்டவாளத்தில் நடப்பேன். எந்தக் கட்டையில் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சாயந்திரம் மேஸ்திரியிடம் வாயாலேயே ஒப்பிப்பேன். அவர் எழுதிக்கொள்வார். ஒரு ஆணி தப்பினதில்லை.

"அது தண்டவாளம் மாமா. இது நாய். டாக்டர் காகிதத்துல கேக்குறாங்க" என்றாள்.

சரி. நாயின் பெயர் பட்டர். பீகிள் சாதி. வயது நான்கு. வெற்றிலையைத் தொங்கவிட்ட மாதிரி இரண்டு காது. என் மகன் இளவரசன் ஓமனுக்கு வேலைக்குப் போகுமுன் வாங்கி வந்து விட்டுப் போனான். இது குரைக்கிற நாய் இல்லை. கழுத்தை நீட்டி, வாயைக் குவித்து, சங்கு ஊதுகிற மாதிரி ஊதும். அம்மா மண்டபம் ரோட்டில் பஸ் ஹாரன்கூட அதற்கு அப்புறம்தான்.

ஃபிளாட் செக்ரட்டரி கங்காதரன் காகிதம் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் இரண்டாம் தேதி கூட்டம். அதற்குள் சத்தம் நிற்காவிட்டால் நாயை வெளியேற்ற வேண்டும். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் இளவரசனின் சிநேகிதனுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே சங்கிலியில் கட்டிப்போடத் தயாராக இருக்கிறான். போனால் எனக்கு நிம்மதிதான். பவுனம்மா, என் பெண்டாட்டி, வளர்த்த நாய். அதனால் பார்க்கிறேன். அவள் போய் எட்டு மாதமாகிறது.

11.00 கடைக்குக் கிளம்பினேன். ஊளை. 11.35 திரும்பினேன். நின்றது. முன்னால் நடந்தது: ஒன்றும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

11.00 முதல் 11.30 வரை ஊளை. முன்னால் நடந்தது: ஒன்றும் இல்லை. செருப்பைக் கடித்துவிட்டான். இடது கால் மட்டும். இதோடு மூன்றாவது இடது கால். வலது கால் மூன்றும் புத்தம் புதிதாக இருக்கின்றன.

ஜூலை 6, ஞாயிறு

இன்று மானம் போனது.

ஒன்பதரை மணிக்கு நாயைக் கீழே கூட்டிப்போய் அரைமணி சுற்றினேன். வேப்பமரம், கம்பம், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் மோந்து பார்த்தான். ஒன்றும் செய்யவில்லை. படியேறி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் காலைத் தூக்கினான்.

"டேய் பட்டரு! கீழ அத்தனை மரம் நிக்குது, உனக்கு இங்கதான் வருதா? வெக்கமா இல்ல?" என்று கத்தினேன்.

நிமிர்ந்தால், மேல்படியில் எதிர்வீட்டு ஸ்ரீவத்ஸ பட்டர் சாவியும் கையுமாக நிற்கிறார். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் பூஜை செய்கிறவர். விடியுமுன் மூன்றரைக்கு எழுந்து போய்ப் பத்து மணிக்கு வருவார். பதினொன்றிலிருந்து ஒரு மணி நேரம் ஊஞ்சலில் கண்ணயர்வார். இவன் கச்சேரி ஆரம்பிப்பது அதே பதினொன்றுக்கு.

"என்னையா சொன்னேள், மருதை?"

"ஐயோ சாமி! நாயைச் சொன்னேன். வெண்ணெய்க்கு இங்கிலீஷுல அப்படியாம். என் மவன் வச்ச பேரு."

"தெரியும். நாலு வருஷமா இந்தப் படியில 'பட்டரு, மூத்திரம் போயிட்டியா', 'பட்டரு, எச்சில் இலையை நக்காத'ன்னு கேட்டுண்டுதானே இருக்கேன். ஆத்துல அவ விழுந்து விழுந்து சிரிக்கறா."

"பேரை மாத்திடறேன் சாமி."

"பேர் கிடக்கட்டும். எனக்கு அந்த ஒரு மணி நேரத் தூக்கத்தைக் குடுங்கோ, போறும். கங்காதரன்கிட்ட கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்தது நான்தான். மறைக்கறதுக்கில்லே."

முகத்துக்கு நேரே சொல்கிறவரிடம் கோபப்படவும் முடியவில்லை. வாளித் தண்ணீர் கொண்டு வந்து படியைக் கழுவினேன். நாய் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

ஜூலை 7, திங்கள்

நாள் முழுக்க "வெண்ணெய், வெண்ணெய்" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. சாயந்திரம் இன்பா ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, "நம்ம வீட்ல வெண்ணெய் இல்ல மாமா" என்றாள். பழைய பெயரே இருக்கட்டும்.

ஜூலை 8, செவ்வாய்

இன்பா அரைநாள் லீவு போட்டாள். ஆட்டோவில் டாக்டரிடம் போனோம். நாய் ஆட்டோவில் வாந்தி. என் வேட்டியில்.

காதுக்குள் அழுக்கு கட்டியிருக்கிறது, வாரம் ஒரு தடவை மருந்து விட்டுத் துடைக்க வேண்டும் என்றார் டாக்டர். நகம் வெட்டினார். நேற்று என்ன சாப்பாடு என்று கேட்டார். கறிக்குழம்பில் பிசைந்த சோறு என்றேன். வெங்காயம் நாய்க்கு விஷமாம். ஒரு திட்டு வாங்கினேன். பிறகு நோட்டைப் புரட்டினார்.

"தினம் முன்னால் நடந்தது ஒன்றும் இல்லைன்னு இருக்கே? கிளம்பும்போது ஏதாவது சொல்வீங்களா?"

"போயிட்டு வரேன்னு சொல்வேன். எல்லாரும் சொல்றதுதானே?"

"அதைச் சொல்லாதீங்க. கொஞ்சாதீங்க, தடவாதீங்க. சத்தமில்லாமக் கிளம்புங்க. நீங்க போறது ஒரு பெரிய விஷயமே இல்லன்னு அவன் நினைக்கணும்."

"சொல்லாமப் போனா நல்லாவா இருக்கும் டாக்டரம்மா?"

"நாய்க்கு நல்லா இருக்கும்."

இவர்கள் எந்த ஊரில் படித்தார்களோ. கோபித்துக்கொண்டு போகிறவன்தான் சொல்லாமல் போவான். "போறேன்" என்று மட்டும் சொல்லவும் கூடாது, அது வேறு போக்கு. தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வரேன் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் படியிறங்குவோம். நான்கு கால் பிராணிக்காக அதை விட வேண்டுமாம்.

இன்பா முறைக்கிறாள். சரி, சொல்லமாட்டேன்.

ஜூலை 9, புதன்

சொல்லாமல் போனேன். ஊளை, 30 நிமிஷம்.

ஜூலை 10, வியாழன்

சொல்லாமல் போனேன். ஊளை, 35 நிமிஷம். டாக்டருக்கு நாயைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மேற்படி. கங்காதரன் கீழே டீக்கடையில் நின்றுகொண்டு, "வாங்க மருதை, ஒரு டீ சாப்பிட்டுப் பேசுவோம், நாய் விஷயம் என்ன ஆச்சு?" என்று கூப்பிட்டார். டீ எனக்கு ஆகாது, விட்டு எட்டு மாதம் ஆகிறது என்று சொல்லி வந்துவிட்டேன். பித்தம்.

ஜூலை 13, ஞாயிறு

இந்த ஊளை முதலில் ஆரம்பித்தது எப்போது என்று டாக்டர் போனில் கேட்டாராம். அதையும் எழுதச் சொல்கிறாள் இன்பா. எனக்கு எழுத்துதான் தெரியாது, நாள் தெரியும்.

போன ஐப்பசி இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை. தூறல். பவுனம்மாவுக்கு மூச்சு வாங்கியது. காலை எட்டு நாற்பதுக்கு ஆட்டோ கீழே வந்து நின்றது. இவள் செருப்பு மாட்டுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு நாயின் காதைப் பிடித்து, "போயிட்டு வரேன்டா பட்டரு. பிஸ்கெட் டப்பா கட்டிலுக்கடியில இருக்கு. இவரு குடுக்க மாட்டாரு, நீயே எடுத்துக்க" என்றாள். "ஆட்டோ நிக்குது, நாய்கிட்ட என்னடி பேச்சு" என்றேன். தினமும் பால் வாங்கப் போகும்போதும் இதே கதைதான். அவனிடம் சொல்லாமல் படியிறங்க மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் பதினான்காம் கட்டில், ஜன்னலோரம். திங்கட்கிழமை மூன்று கரண்டி கஞ்சி குடித்தாள். செவ்வாய் ஸ்கேன். எங்களை ஸ்கேனுக்குக் கூட்டிப்போன ஆட்டோக்காரன் பெயர் அமலதாஸ், பின்கண்ணாடி உடைந்திருந்தது. புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு நர்ஸ் வந்து பாட்டில் மாற்றினாள். ஆறு இருபத்தைந்துக்கு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள் பவுனம்மா. திறந்தேன். கண்ணை மூடித் தூங்கினாள். ஏழு ஐந்துக்கு டாக்டர் நின்றிருந்தார். முடிந்துவிட்டது என்றார். இன்பா எட்டு மணிக்கு வந்தாள்.

பதினாறு நாள் கழித்துக் காரியமெல்லாம் முடிந்து முதல் தடவையாகக் கடைக்குக் கிளம்பினேன். அன்றுதான் முதல் ஊளை.

"ஆறு இருபத்தஞ்சுல இருந்து ஏழு அஞ்சு வரைக்கும் என்ன மாமா?" என்று கேட்கிறாள்.

ஒன்றும் இல்லை. தூங்கினாள். போதும், நோட்டை மூடு.

ஜூலை 15, செவ்வாய்

சொல்லாமல் போனேன். ஊளை.

குளிப்பாட்டினேன். கழுத்துக்கடியில் ஏழு உண்ணி, முன்காலிடுக்கில் நான்கு. சீமெண்ணெய் தடவலாமா என்று இன்பாவுக்கு ஆபீஸுக்குப் போன் போட்டேன். தடவினால் நான் வீட்டுக்கே வரமாட்டேன் என்றாள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். குளித்து முடித்தவன் நேரே போய் என் மெத்தையில் புரண்டான்.

இளவரசன் பேசினான். "அப்பா, தோப்புக்காரன்கிட்ட பேசிட்டேன். மூணாம் தேதி வண்டி எடுத்துட்டு வர்றான். நீங்க ஏன் இந்த வயசுல கஷ்டப்படணும்?"

"நான் கஷ்டப்படுறேன்னு யாருடா சொன்னா?"

"நீங்கதாம்ப்பா. தினமும்."

ஜூலை 20, ஞாயிறு

எதிர்வீட்டு பட்டர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். காய்கறி வாங்கப் போயிருந்த இன்பாவும் வந்துவிட்டிருந்தாள். உட்காரச் சொன்னோம், நின்றபடியே பேசினார்.

"மருதை, இன்னிக்கு நான் தூங்கல. கம்பிக் கதவுக்கு இந்தண்டை ஊஞ்சல்ல சாஞ்சுண்டு உங்க வாசலையே பாத்துண்டிருந்தேன். பதினோரு மணிக்கு சாவியை எடுத்தேள். நாய் சும்மா இருந்தது. செருப்பு மாட்டினேள். சும்மா இருந்தது. வெளில காலை வச்சேள். அப்பவும் சும்மா. கதவைச் சாத்தறதுக்கு முந்தி தலையை மட்டும் உள்ளே நீட்டி ஒண்ணு சொன்னேள் பாருங்கோ. பிடிச்சுண்டுடுத்து."

"நான் ஒண்ணும் சொல்லல சாமி."

"போயிட்டு வரேன்னு சொன்னேள்."

"இல்லீங்க."

"நாப்பது வருஷமா வாய்க்குள்ளேயே மந்திரம் சொல்றவன் நான். உதடு அசையறது எனக்குத் தெரியாதா? எனக்கே தெரியறதுன்னா, அந்தக் காதுக்குக் கேக்காதா?"

இன்பா எழுந்து நோட்டை எடுத்து வந்தாள். "ஒன்பதாம் தேதி, சொல்லாமல் போனேன். பத்தாம் தேதி, சொல்லாமல் போனேன். பதினஞ்சாம் தேதி, சொல்லாமல் போனேன். மாமா, என்னைப் பொய்யா எழுத வச்சீங்க?"

"நாய்கிட்ட நான் சொல்லலம்மா. அது பொய் இல்ல."

"நாய்கிட்ட இல்லன்னா யார்கிட்ட? வீட்ல வேற யாரு இருக்கா?"

பட்டர் கதவுக்கு நேரே இருக்கும் சுவரைப் பார்த்தார். பவுனம்மா படம் அங்கேதான் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நாய் படுத்திருந்தது.

"நான் அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார். வாசல் வரை போய்த் திரும்பி, "கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கவே வேண்டாம்" என்றார்.

இனி சொல்வதையும் எழுது இன்பா. இது நாய் நோட்டு, இதில் எழுதலாமா என்று கேட்கிறாள். முன்னால் நடந்தது என்ன என்றுதானே டாக்டர் கேட்டிருக்கிறார்? எழுது.

ஆறு இருபத்தைந்துக்குத் தூங்கிவிட்டாள். மூன்று நாளாக எனக்குச் சரியான தூக்கமில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை. தூங்குகிறவளை எதற்கு எழுப்ப வேண்டும் என்று சொல்லாமல் இறங்கிப் போனேன். இஞ்சி தட்டிப்போட்ட டீ. நன்றாக இருந்தது. அதனால் இன்னொன்று சொன்னேன். அதையும் உட்கார்ந்து குடித்தேன். ஏழு ஐந்துக்கு மேலே வந்தால் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணி மறைத்திருக்கிறது.

பதினைந்தாம் கட்டில் அம்மாள்தான் பிறகு சொன்னாள். நடுவில் ஒரு தடவை பவுனம்மா கண்ணைத் திறந்திருக்கிறாள். "அவரு எங்க? எங்கிட்ட சொல்லலியே" என்று கேட்டிருக்கிறாள்.

அவ்வளவுதான். நாற்பது நிமிஷம். இன்பா மூக்கை உறிஞ்சுகிறாள். காகிதம் நனையப் போகிறது, நோட்டைத் தள்ளி வை என்றேன்.

ஜூலை 21, திங்கள்

இன்பா நோட்டை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவர் வெகுநேரம் படித்தாராம். சாயந்திரம் போனில் என்னைக் கூப்பிட்டார்.

"அய்யா, நான் சொன்னது தப்பு. நீங்க சொல்லுங்க. நிறையவே சொல்லுங்க. போயிட்டு வரேன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போங்க, உடனே வாங்க. சொல்லிட்டு அங்கேயே உக்காருங்க. சொல்லிட்டு வாசல் வரைக்கும் போங்க, வாங்க. அந்தம்மா கடைசியா சொல்லிட்டுப் போயி வரல. அவனுக்கு அந்த வார்த்தைன்னா வரமாட்டாங்கன்னு அர்த்தம். திரும்பி வந்து வந்து அந்த அர்த்தத்தைத் தேய்க்கணும். பத்து நாள் வேற எதுக்கும் அவனைத் தனியா விடாதீங்க."

"எத்தனை தடவ சொல்லணும் டாக்டரம்மா?"

"அவனுக்கு அலுத்துப்போற வரைக்கும்."

ஜூலை 22, செவ்வாய்

அறுபத்திரண்டு தடவை. எனக்குத்தான் அலுத்தது. முதல் இருபதுக்கும் ஊளை. கடைசிப் பத்துக்கு முனகல். கடைக்குப் போகும் வேலையை இன்பா பார்த்துக்கொள்கிறாள்.

ஜூலை 23, புதன்

எழுபது. போயிட்டு வரேன் என்று சொல்லி அடுப்படிக்குப் போய் உப்பு ஜாடியைத் தொட்டுவிட்டு வருகிறேன். போயிட்டு வரேன் என்று பாத்ரூமுக்கு. போயிட்டு வரேன் என்று நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு. எதிர்வீட்டிலிருந்து பட்டர் குரல் கொடுத்தார்: "மருதை! போறேளா, இருக்கேளா? ஒரு முடிவுக்கு வாங்கோ!"

நாய் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கும்.

ஜூலை 24, வியாழன்

எண்பதுக்கு மேல் எண்ணவில்லை. வாசல் வரை போய் வந்தால் ஊளை இல்லை. சொல்லும்போது நான் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன். நாய் என்னைப் பார்க்கிறது. திரும்பி வந்ததும் "வந்துட்டேன்" என்று சொல்கிறேன். அதை டாக்டர் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

அவசரப்பட்டுக் கெடுத்தேன். வாசல் வரை சரியாகிவிட்டதே என்று, இன்பா கடைக்குப் போன நேரம் பார்த்துக் கதவைப் பூட்டிக் கீழே காம்பவுண்ட் கேட் வரை போய்விட்டேன். ஒன்றாம் மாடி தாண்டுமுன் சங்கு ஊதிவிட்டது. ஓடி ஏறினேன். எழுபத்து நான்கு வயதில் மூன்று மாடி. வந்து பார்த்தால் என் வலது கால் செருப்புகள் மூன்றையும் முடித்திருக்கிறான். இப்போது கணக்கு நேராகிவிட்டது.

தரையில் உட்கார்ந்து அவனை வாயில் வந்தபடி திட்டினேன். மடியில் தலையை வைத்துக்கொண்டான். மறுபடி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஆரம்பிக்க வேண்டும்.

ஜூலை 30, புதன்

ஒரு மாடி இறங்கி ஏறினேன். ஊளை இல்லை. இரண்டு மாடி. முனகல்.

ஜூலை 31, வியாழன்

மூன்று மாடி. கேட் வரை. ஐந்து நிமிஷம். ஊளை இல்லை. பட்டர் ஊஞ்சலில் படுத்தபடியே கம்பிக் கதவு வழியாகக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

ஆகஸ்ட் 2, சனி

மொட்டை மாடியில் கூட்டம். இன்பாவும் நானும் போனோம். கங்காதரன் காகிதத்தைப் பிரித்து, "மூணாவது மாடி நாய் விஷயம்" என்று ஆரம்பித்தார்.

"முழுசா நிக்கலீங்க" என்று நானே எழுந்து சொன்னேன். "அஞ்சு நிமிஷம் வரைக்கும்தான் தேறியிருக்கு. பொய் சொல்லி வச்சுக்க மாட்டேன்."

"அப்படின்னா முடிவு சொன்னபடிதானே?" என்றார் கங்காதரன்.

பட்டர் கையைத் தூக்கினார். "கம்ப்ளெயின்ட் என்னோடது. வாபஸ் வாங்கிக்கறேன்."

"உங்க தூக்கம்?"

"ஒரு மாசம் பொறுத்துப் பாக்கறேன். இந்த ஊர்ல எத்தனையோ பட்டர் இருக்கோம். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரது இவன் ஒருத்தன்தான். இவனைத் தோப்புக்கு அனுப்பிட்டா எங்களுக்குத்தான் கெட்ட பேர்."

கங்காதரனே சிரித்துவிட்டார். ஒரு மாதம் தவணை. இளவரசனுக்குப் போன் போட்டு, வண்டி வேண்டாம் என்றேன். "கஷ்டமா இல்லியாப்பா?" என்றான். கஷ்டம்தான், போனை வை என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காலையிலிருந்து அம்மா மண்டபம் ரோடு முழுக்க ஜனம். இத்தனை சத்தத்தில் இவன் இன்று கெடுத்துவிடுவான் என்று நினைத்தேன். இன்பாவைக் காவிரிக்கு அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்குச் செருப்பை மாட்டினேன். புதுச் செருப்பு, இரண்டு காலும் முழுசாக.

நாய் படத்துக்குக் கீழே படுத்திருந்தது.

"போயிட்டு வரேன்" என்றேன். உதட்டுக்குள் இல்லை, வாய்விட்டு. நாய் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்து மூடிக்கொண்டது.

கீழே டீக்கடை வரை போனேன். இஞ்சி போடச் சொன்னேன். ஒன்றுதான் குடித்தேன்.

வந்துவிட்டேன்.